எரிந்த வீட்டை வாங்கலாமா?

வீட்டில் தீப்பிடித்தால் ஊரே ஓடி வரும். தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். தீ அணையும். கூட்டம் கலையும்.

மறுநாள் இன்னொருவர் வருவார். அவர்தான் தரகர்!

"அய்யா, எரிந்த வீட்டை யார் வாங்குவார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்பார்.

சென்னை அசோக் நகர் போன்ற இடங்களில் பழைய வீட்டைவிட மனைக்குத்தான் மதிப்பு அதிகம். சுவர் கருகும், மண் கருகாது! இது தரகருக்குத் தெரியும். துயரத்தில் இருக்கும் குடும்பம் அதை மறந்துவிடும்.

எரிந்த வீட்டை மலிவாக வாங்கி, பழுது பார்த்து, நல்ல விலைக்கு விற்பது ஒரு தொழில். அமெரிக்காவில் இதைச் செய்பவர்கள் பலர் உண்டு. அதில் தவறு இல்லை. பாழான வீட்டில் மீண்டும் விளக்கு எரிவது நல்லதுதானே? ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இரண்டு கட்டிடங்கள்

சென்னை அண்ணா சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் இருக்கிறது. 1975 ஜூலை 11-ந் தேதி அதில் பெருந்தீ பிடித்தது. பழுது பார்த்தார்கள். இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

அசோக் நகருக்குப் பக்கத்திலேயே தியாகராய நகர். அங்கே உஸ்மான் சாலையில் இருந்த 7 மாடி ஜவுளிக்கடையில் 2017 மே 31-ந் தேதி தீப்பிடித்தது. மறுநாள் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மீதியையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

ஒன்று பிழைத்தது. ஒன்று வீழ்ந்தது. எது பிழைக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வெள்ளை அடித்தால் போதுமா?

கரி படிந்த சுவர் பலமாக இருக்கலாம். கரியே இல்லாத கூரை பலம் இழந்திருக்கலாம்.

சுமார் 300 டிகிரி வெப்பத்துக்கு மேல் போனால் கான்கிரீட்டின் பலம் குறையத் தொடங்கும். பல நேரங்களில் அது இளஞ்சிவப்பாக மாறும். 600 டிகிரியை நெருங்கும்போது உள்ளே இருக்கும் கம்பி பாதி பலத்தை இழந்துவிடும்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் கட்டிடப் பொறியாளரைக் கூட்டிப் போக வேண்டும். அவர் கூரையையும் தூணையும் சோதிப்பார். கான்கிரீட்டில் துண்டு எடுத்துப் பார்ப்பார். மின்சாரக் கம்பிகளை அடியோடு மாற்றச் சொல்வார். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வீட்டின் விலையைக் கணக்கிட வேண்டும்.

மறைப்பது குற்றம்

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் என்ன சொல்கிறது? வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால், அதைத் தெரிந்த விற்பவர் சொல்லியே ஆக வேண்டும்.

கருகிய கூரைக்குச் சுண்ணாம்பு பூசி, புதுவீடு என்று விற்பவர் வீட்டை விற்கவில்லை. ஆபத்தை விற்கிறார்! அந்தக் கூரையின் கீழ் நாளை ஒரு குழந்தை தூங்கும்.

வீட்டை இழந்தவர்களும் அவசரப்படக் கூடாது. இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அந்தக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரம் எரிந்துவிட்டதா? கலங்க வேண்டாம். பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம். நாலு பேரிடம் மனையின் விலையை விசாரித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

மலிவாக வாங்குவது சாமர்த்தியம். அடுத்தவர் கண்ணீரை மலிவாக வாங்குவது பாவம்!