யார் கூற்று?



"ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போற பையனுக்குக் கதைமாந்தர், கதைசொல்லி, அங்கதம் இதெல்லாம் எதுக்கு சார்?" பெற்றோர் கேட்கிறார்கள். சில ஆசிரியர்களே கேட்கிறார்கள். என் பதில்: அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். அவன் கையில் போன் இருக்கிறது.

இவை இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் பிறந்த சொற்கள் அல்ல. பேசுவது யார், நடந்தது எது, புனைந்தது எது என்று அளந்து பார்க்கும் கருவிகள். வெர்னியர் வைத்து அளக்காமல் ஒரு பாகத்தை "ஓகே" என்று அனுப்புவீர்களா? கதையை மட்டும் அப்படி அனுப்பலாமா?

நம் ஊரையே பாருங்கள். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அது வரலாறு. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்திலும் மணிமங்கலம் வருகிறது. மாமல்லரும் புலிகேசியும் இருந்தவர்கள்; சிவகாமியும் நாகநந்தியும் கல்கி படைத்த கதைமாந்தர். இந்த ஒரு சொல் தெரியாததால்தான் நாகநந்தியை வரலாறு என்று ஃபார்வர்டு செய்கிறோம்.

இது மேல்நாட்டு இறக்குமதி என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சங்க அகப்பாடல்களின் கீழே "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று குறித்து வைத்தார்கள் நம் முன்னோர். குறுந்தொகை 25-ஆம் பாட்டு தலைவியின் புலம்பல், எழுதியவர் கபிலர். அது கபிலரின் சொந்தக் கதை என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. புறநானூறு 95-இல் தொண்டைமானின் ஆயுதங்கள் பளபளப்பதை ஔவையார் புகழ்கிறார். போரையே காணாத ஆயுதம் என்பது உள்ளே இருக்கும் குத்தல். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகவே பிரித்துவிட்டது. இவ்வளவு இருந்தும், இன்று கிண்டலாக எழுதிய நாலு வரியை நிஜம் என்று நம்பி, எழுதியவன் வீட்டுப் பெண்களைத் திட்டுகிறோம்.

விளையாட்டல்ல இது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். நாலு வருடம் கழித்து அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பரப்பினார்கள். காளி, பொன்னா என்ற இரண்டு கதைமாந்தரின் துயரத்தை, ஓர் ஊரின் மீது சொன்ன குற்றச்சாட்டாகப் படித்தார்கள். 2015 ஜனவரியில் "எழுத்தாளன் இறந்துவிட்டான்" என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே மீண்டும் எழுத வந்தார். நாவல் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லட்டும், மறுத்து எழுதட்டும். கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

நோட்ஸ் போட்டு விளக்கத்தை மட்டும் ஒப்பிக்க வைக்கும் ஆசிரியர்களே, ஒரு கதையைக் கையில் கொடுத்து "இது யார் கூற்று?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கதைப் புத்தகம் படித்தால் பிடுங்காதீர்கள். என் மாணவர்களே, இன்று ராத்திரி குரூப்பில் ஏதாவது வரும். அனுப்பும் முன் கேளுங்கள்: யார் பேசுகிறார்கள்? யாரிடம்? முழுக்கதை எங்கே?

– உங்கள் ஆசிரியர் (ஓய்வு), மணிமங்கலம்