கேசட்டுக்கும் கெடு வேண்டும்

மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் கொடுத்த லைஃப் சர்டிபிகேட் போன வருஷத்தோடு சரி. இதைத் தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதிப்பதிலும் இதே நியாயம் வேண்டும் என்பது என் கட்சி.

புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும், மற்றது எதுவும் கெடவில்லையே என்று பார்க்கப் பல சோதனைகள் தானாக ஓடும். அவற்றில் சில, வெளியே உள்ள கம்ப்யூட்டரிடம் வரி விகிதம், தபால் கட்டணம் என்று ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டால் நேரமாகும். அந்தப் பக்கம் படுத்துவிட்டால் சோதனையும் நின்றுபோகும். அதனால் ஒருமுறை வந்த பதிலைச் சேமித்து வைத்து, அதையே திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறார்கள். ரூபி மொழியில் இதற்கென்று உள்ள கருவிக்குப் பெயரே விசிஆர், நம் வீட்டில் இருந்த அதே வீடியோ டெக்தான்! சேமித்த பதிலுக்குப் பெயர் கேசட்.

இதில்தான் ஆபத்து. 2017 ஜூன் மாதம் சேவை வரி 15 சதவீதம் என்று ஒரு கேசட்டில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்து, பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதம் ஆகிவிட்டது. கேசட்டுக்கு அது தெரியாது. சோதனை ‘பாஸ்’ என்றே சொல்லும். பில் மட்டும் தப்பாகப் போகும்.

இத்தனை வினாடிக்கு ஒருமுறை மறுபடி பதிவு செய் என்று விசிஆரில் எழுதி வைக்கலாம். ஒரு வாரத்துக்கு 6,04,800 வினாடி. நாமாக எழுதாவிட்டால் கெடுவே கிடையாது.

‘யாரும் கை வைக்காத புரோகிராம் திடீரென்று ஒருநாள் ஃபெயில் ஆகுமே’ என்பார்கள். ஆகட்டுமே! வெளியே ஏதோ மாறிவிட்டது என்ற சேதியே அதுதான். வேலை நடுவில் அது குறுக்கிடக் கூடாது என்றால், மறுபதிவை ராத்திரியில் தனியாக ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கெடுவும் வேண்டாம்: வரி விகிதத்துக்கு ஒரு நாள், பின்கோடு பட்டியலுக்கு ஒரு மாதம்.

ஒன்று மட்டும் முக்கியம். பழைய பதிலும் புதிய பதிலும் வேறுபட்டால், சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடக் கூடாது. ஒரு மனிதர் இரண்டையும் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் புதியது உள்ளே போக வேண்டும். தேதி ஞாபகப்படுத்தும்; யோசிக்க வேண்டியது நாம்தான்.