ஐஸ் ஹாக்கி வீரர் ஆகணுமா? விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகளுக்கு வழி இருக்கா? முழு விவரம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இப்போ ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போற பிள்ளைகளைப் பார்க்க முடியுது. அதுல சிலருக்கு ரீல்ஸ்ல ஐஸ் ஹாக்கி பார்த்துட்டு, "நானும் இது ஆடணும்"னு ஆசை வந்திருக்கும். "ஆடலாம், ஆனா பொழைக்க முடியுமா?" இதுதான் பெற்றோர் கேட்கிற கேள்வி. பதிலைப் பார்க்கலாம்.

இது என்ன விளையாட்டு?

பனிக்கட்டித் தளத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு 6 பேர். பந்துக்குப் பதிலா 'பக்' என்ற ரப்பர் வில்லை. எடை சுமார் 170 கிராம். தலா 20 நிமிடம் கொண்ட 3 பகுதிகள். வேகம் அதிகம் என்பதால் ஒரு வீரர் ஒரு நிமிடம் கூட தொடர்ந்து ஆடமாட்டார். ஏறக்குறைய 45 வினாடியில் வெளியே வந்து, அடுத்தவரை உள்ளே அனுப்புவார்.

தொழில்முறை வீரர் எப்படி உருவாகிறார்?

உலகின் பெரிய தொடர், அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் என்.ஹெச்.எல். மொத்தம் 32 அணிகள். கனடாவில் நன்றாக ஆடும் பையன் 16 வயதில் ஜூனியர் லீக்குக்குப் போய்விடுவான். 18 வயதில் 'டிராஃப்ட்'. அதாவது, அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் முறை. 7 சுற்றுகளில் 224 பேர் எடுக்கப்படுவார்கள். அதில் பலர் என்.ஹெச்.எல்.லில் ஒரு போட்டி கூட ஆடாமலே போய்விடுகிறார்கள்.

உள்ளே நுழைந்துவிட்டால் பணம் பெரிசு. 2025-26 சீசனில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7.75 லட்சம் டாலர். நம்ம பணத்தில் 6.5 கோடி ரூபாய்க்கு மேல். ஆனா ஒரு படி கீழே இருக்கும் லீக்குகளில் சம்பளம் பல மடங்கு குறைவு.

இந்திய வம்சாவளியில் யாராவது சாதிச்சிருக்காங்களா?

முதல் பெயர் ராபின் பாவா. கனடாவில் பிறந்த பஞ்சாபி. 1986-87 ஜூனியர் சீசனில் 57 கோல் அடித்தும் எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. பிறகு தனியாக ஒப்பந்தம் போட்டு, 1989-ல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணிக்காக களமிறங்கினார். என்.ஹெச்.எல்.லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் அவர்தான். ஆனா மொத்தமே 61 போட்டிகள். தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கீழ்நிலை லீக்குகளிலேயே போனது.

அடுத்து அர்ஷ்தீப் பெயின்ஸ். 2021-22-ல் மேற்கு கனடா ஜூனியர் லீக்கில் 112 புள்ளிகளோடு முதலிடம். இவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்தான். 2024 பிப்ரவரியில் வான்கூவர் கனக்ஸ் அணியில் அறிமுகமானார்.

வீட்டுப் பக்கத்திலேயே ஐஸ் தளம் இருந்து, சின்ன வயசிலேயே ஆட ஆரம்பிச்சவங்களுக்கே பாதை இவ்வளவு குறுகல்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியா 1989-லேயே சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினர் ஆகிவிட்டது. ஆனா ஆண்கள் அணி முதல் சர்வதேச தொடரில் ஆடியது 2009-ல், அபுதாபியில். பெண்கள் அணி 2016-ல். அந்தப் பெண்கள் அணிதான் 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்.

காரணம் எளிது. லடாக்கில் குளம் தானாக உறையும். அதுவும் குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம்தான். மற்றபடி, டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம் பல வருஷம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் திரும்பத் திறந்தது. விழுப்புரத்தில் இருந்து அங்கே போக 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

அப்போ இந்திய வீரர்களுக்கு சம்பளம் எங்கிருந்து வருது?

இங்கே என்.ஹெச்.எல். மாதிரி சம்பளம் கொடுக்கும் லீக் கிடையாது. ராணுவம், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை போன்றவை சொந்த அணி வைத்திருக்கின்றன. அவர்களுக்கு மாதச் சம்பளம் சீருடைக்கு. ஐஸ் ஹாக்கி அதோடு சேர்ந்தது.

இன்னொரு கதவும் உண்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கான பட்டியலில் ஐஸ் ஹாக்கி, ஐஸ் ஸ்கேட்டிங், ரோலர் ஸ்கேட்டிங் மூன்றுமே இருக்கின்றன. மாநிலத்துக்காக தேசியப் போட்டியிலோ, நாட்டுக்காக சர்வதேசப் போட்டியிலோ ஆடியவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். பேரில் 'நேஷனல்' என்று இருக்கிற எல்லா போட்டியும் கணக்கில் வராது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தேசிய சம்மேளனமோ மாநில சங்கமோ உரிய படிவத்தில் தரும் சான்றிதழைத்தான் கேட்பார்கள். வீட்டில் எத்தனை மெடல் தொங்கினாலும், அந்தத் தாள் இல்லையென்றால் பலன் இல்லை.

நம்ம ஊர் பிள்ளைக்கு எது நடைமுறைக்கு ஒத்துவரும்?

தமிழ்நாட்டுக்காரர் ஒருவரே பதில் காட்டியிருக்கிறார். ஆனந்த்குமார் வேல்குமார். 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். அடுத்த மாதமே உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டர் ஸ்பிரின்டில் தங்கம். இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன். இதெல்லாம் ஐஸ்ல இல்ல, சக்கரத்துல!

ஹாக்கி மேலதான் ஆசையா? அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் அறிமுகப் போட்டியிலேயே கோல் அடித்தார். புல்தரை ஹாக்கிக்கு தமிழ்நாட்டில் விடுதி, பயிற்சி மையம், வேலைவாய்ப்பு எல்லாம் இருக்கு.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

• முதலில் ரோலர் ஸ்கேட்டிங். சமநிலையும் கால் பலமும் அங்கேதான் வரும்.

• பணம் கட்டும் முன், பயிற்சி மையம் எந்தச் சங்கத்தோடு இணைந்தது, அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

• ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள்.

• பிள்ளை மாநில அளவில் பெயர் வாங்கிய பிறகு ஐஸ் தளத்தைப் பற்றி யோசிக்கலாம்.

• படிப்பை விட வேண்டாம். ராபின் பாவாவுக்கே 61 போட்டிதான் கிடைச்சுது.

ஐஸ் ஹாக்கியை மட்டும் நம்பி இந்தியாவில் இன்றைக்கு வாழ முடியாது. ஆனா ஸ்கேட்டிங் ஷூவை மாட்டிய பிள்ளைக்கு வேற கதவுகள் திறந்திருக்கு. எந்தக் கதவு என்று தெரிஞ்சு தட்டணும், அவ்வளவுதான்.