மின்பாடத் திட்டங்கள்: கருவிகள் வந்தன, சிறப்புப் பயிற்றுநர் நிலை என்ன?

புதுதில்லி: வல்லார்பாடம் என்ற பெயர் தலைநகரின் அரசியல் வட்டாரத்துக்குப் பெரும்பாலும் கப்பல் துறை வழியாகவே அறிமுகம். கொச்சியை ஒட்டிய அத்தீவில் 2011 பிப்ரவரி 11-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த சரக்குப் பெட்டக முனையம், அதற்காக 2012-ல் தளர்த்தப்பட்ட கடலோரக் கப்பல் போக்குவரத்து விதி, அதனால் தூத்துக்குடியின் வாய்ப்பு குறையுமோ என்ற தமிழகத்தின் கவலை ஆகியவையே தில்லி அறிந்த வல்லார்பாடம்.

சரக்குப் பெட்டகத்தின் வெற்றி அது உலகெங்கும் ஒரே அளவில் இருப்பதில் அடங்கியுள்ளது. இருபது அடி அல்லது நாற்பது அடி. எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் பொருந்தும். பள்ளிப் பாடத்தையும் இப்படி ஒரே அளவுப் பெட்டியில் அடைத்துத் திரை வழியே அனுப்பிவிட முடியும் என்ற நம்பிக்கையில்தான் மத்திய, மாநில அரசுகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்வித் தொழில்நுட்பத்தில் பணத்தைக் கொட்டி வந்துள்ளன. ஆனால் பாடத்தைப் பெறும் குழந்தை ஒரே அளவில் இல்லை.

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வல்லார்பாடத்துக்குக் காயலின் எதிர்ப்புறம் உள்ள மட்டாஞ்சேரியில் மலையாளத்துடன் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. எர்ணாகுளம் மாவட்டத் தொழிற்கூடங்களுக்கு ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், பிகாரிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் சேர்ந்தபோது, வகுப்பில் ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருந்தனர். மாவட்ட நிர்வாகம் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. பள்ளி தொடங்கும் முன்பே குழந்தைகளை வரவழைத்துக் காலை உணவு கொடுத்து, அவர்களது தாய்மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர் அம்மொழியையும் மலையாளத்தையும் கலந்து பேசிப் பாடத்தைப் புரியவைத்தார். தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கது அதில் அதிகம் இல்லை. பாடத்தை யாருக்காகத் தயாரிக்கிறோம் என்ற கேள்வி முதலில் கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

அக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டமாகும். 2016-ஆம் ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடர் ரூபாய் நோட்டு விவகாரத்தில் ஏறத்தாழ முழுவதுமாக முடங்கியது. அந்த அமளிக்கிடையே கட்சி வேறுபாடின்றி நிறைவேறியது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். டிசம்பர் 14-ல் மாநிலங்களவையும் 16-ல் மக்களவையும் ஒப்புதல் அளித்தன. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. ஆட்டிசமும், எழுத்தையும் எண்ணையும் கற்பதில் உள்ள தனிவகைக் குறைபாடும் இடம்பெற்றன. வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு 4 சதவீதமா 5 சதவீதமா என்பதே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் இச்சட்டத்தின் இரண்டாம் பிரிவில் உள்ள ஒரு விளக்கம் அதைவிடத் தொலைநோக்குடையது. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பது மட்டுமே உள்ளடக்கிய கல்வி ஆகாது. வெவ்வேறு வகை மாணவர்களின் தேவைக்கேற்பக் கற்பிக்கும் முறையே மாற்றியமைக்கப்பட வேண்டும் என்கிறது அது. மாற வேண்டியது குழந்தை அல்ல, பாடம்தான் என்பது இதன் பொருள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க, கல்வித் தொழில்நுட்பத்தில் நாட்டிலேயே முன்னோடியான கேரளமே தகுந்த இடம். விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2001-ல் அங்கு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. 2005 ஜூலையில் எஜுசாட் செயற்கைக்கோள் வழியிலான 'விக்டர்ஸ்' கல்வி அலைவரிசையை அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். திட்டம் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 45 ஆயிரம் வகுப்பறைகள் கணினிமயமாக்கப்பட்டன. 2020 அக்டோபர் 12-ல், பொதுக் கல்வியை முழுவதும் மின்மயமாக்கிய முதல் மாநிலம் என முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். 16,027 பள்ளிகளுக்கு 3.74 லட்சம் கருவிகள் வழங்கப்பட்டதாக அரசு கணக்குக் காட்டியது. வேறு எந்த மாநிலமும் அன்று இதற்கு அருகில் வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

இருந்தும் கொரோனா காலம் குறைகளை வெளிக்காட்டியது. 2020 ஜூன் 1-ல் விக்டர்ஸ் வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, 2.61 லட்சம் மாணவர்களின் வீடுகளில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்று மாநிலத்தின் கணக்கெடுப்பே தெரிவித்தது. நூலகங்களிலும் பொது இடங்களிலும் தொலைக்காட்சி வைத்து அக்குறை பெருமளவு சரிசெய்யப்பட்டது. மூணாறு, தேவிகுளம், பாலக்காடு பகுதிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் காசர்கோட்டின் கன்னடவழி மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் தயாராயின. மாற்றுத்திறன் மாணவர்களுக்காக 'ஒயிட் போர்டு' என்ற தனித் திட்டம் பின்னர் வந்தது. பொதுத்தேர்வு எழுதுவோருக்கு ஒலிநூல்கள் 2021-ல் வெளியாயின. இவை பாராட்டுக்குரியவையே. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எல்லோருக்குமான பாடம். அதன் பிறகே, விடுபட்டோர் யார் என்ற தேடல். ஒரு கட்டடத்தைப் படிகளுடன் கட்டி முடித்துவிட்டு, பிறகு சாய்தளம் ஒட்டவைப்பதைப் போன்றது இது.

ஒட்டவைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். பார்வையற்ற மாணவரின் பாடநூலை எடுத்துக்கொள்வோம். கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் 'ஓர்க்கா' மென்பொருள், கேரளப் பள்ளிகள் பயன்படுத்தும் கட்டற்ற இயங்குதளத்தில் செலவின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதற்குத் தேவை எழுத்து. எழுத்தின் படம் அல்ல. அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து உருவாக்கிய பிடிஎஃப் கோப்பு அதற்கு வெற்றுத்தாள். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த தமிழ், மலையாளப் பக்கங்களை மென்பொருள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக உச்சரிக்கும். எழுத்து சரியாக இருந்தாலும், 'கீழே உள்ள படத்தைப் பார்த்து விடை எழுதுக' என்ற வரி வந்ததும் பாடம் நின்றுவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்ற விவரணையைப் பாடநூலை எழுதியவர் அன்றே எழுதியிருந்தால் அது பத்து நிமிட வேலை. ஐந்தாண்டுகள் கழித்து ஒருவர் உட்கார்ந்து மொத்த நூலுக்கும் எழுதுவதென்றால் அது ஒரு திட்டம், ஓர் ஒப்பந்தப்புள்ளி, ஒரு நிதி ஒதுக்கீடு! கணிதச் சமன்பாடுகளின் கதையும் இதுவே. பாடத்தின் ஓரத்தில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டைச் செல்பேசியால் படித்தால் விளக்கப் படம் வரும் என்கிறார்கள். குறியீடு பக்கத்தின் எந்த மூலையில் உள்ளது என்பதைப் பார்வையற்றவர் எப்படி அறிவார்?

செவித்திறன் குறைந்த மாணவருக்கு வேறு வகைச் சிக்கல். சைகை மொழி என்பது பேச்சின் சொல்லுக்குச் சொல் கையசைப்பு அல்ல. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. திரையின் மூலையில் சிறு கட்டத்தில் ஒருவர் கையசைத்துக்கொண்டிருக்க, நடுவே ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனால் மாணவர் எதைப் பார்ப்பார்? பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற என்.சி.இ.ஆர்.டி.யும் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமும் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தன. அம்மொழிக்கென பி.எம். இ-வித்யா 31-ஆவது அலைவரிசை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. சைகை மொழியைப் பாடம் நடத்தும் மொழியாகவே ஏற்றது நல்ல திருப்பம். எழுத்துகள் குழம்பும் குழந்தைக்கோ கருவி எளியது: வாசிக்கும் வரியை மட்டும் வண்ணமிட்டுக் காட்டி, உடன் ஒலியும் கொடுத்தால் போதும். ஆனால் அக்குழந்தைக்கு அக்குறை உள்ளது என்பதை முதலில் ஒருவர் கண்டறிய வேண்டுமே!

அந்த 'ஒருவர்' யார் என்பதில்தான் மொத்த விவகாரமும் வந்து நிற்கிறது. குறைபாட்டைக் கண்டறிய என்.சி.இ.ஆர்.டி. 'பிரஷஸ்த்' செயலியை உருவாக்கியது. தமிழகம் 'நலம் நாடி' செயலியை உருவாக்கியது. செயலியில் பதிவு செய்வதும், பதிவான பின் குழந்தைக்கேற்பப் பாடத்தைத் திருத்துவதும் சிறப்புப் பயிற்றுநர் உதவியின்றி நடவாது. 2021-22 கல்வியாண்டின் மத்திய அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டின் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் 22.67 லட்சம் பேர். தொடக்க நிலையில் இத்தகைய 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனப் பயிற்றுநர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28-ல் தீர்ப்பளித்தது. எல்லோரையும் 15 என்ற தளர்வான கணக்கில் வகுத்தாலும் ஒன்றரை லட்சம் பயிற்றுநர்கள் தேவை. பணியிடங்களை மாநிலங்கள் முறையாக அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது என்றால் இடைப்பட்ட காலத்தில் நடந்தது எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழகத்திலும் கேரளத்திலும் இப்பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களது ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா' நிதியைச் சார்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். இதே திட்டம் மாற்றுத்திறன் மாணவருக்கான கருவி, கற்றல் பொருள் முதலியவற்றுக்கு நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்கூட இல்லை. அந்த நிதிதான் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட மறுத்த மாநிலங்களுக்கு நிறுத்தப்பட்டது. 2024-25-க்கான தொகையை வட்டியுடன் சேர்த்து 2,291 கோடி ரூபாயாகக் கேட்டுத் தமிழகம் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சென்றது. கேரளத்துக்கு நின்றது ஆயிரம் கோடிக்கு மேல் என்பது அம்மாநிலத்தின் கணக்கு. ஒரு திட்டத்தில் சேராததற்காக வேறொரு திட்டத்தின் நிதியை நிறுத்துவது நியாயமல்ல என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சிலேயே கூறிவிட்டது. நிலைக்குழுப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா என்பது இரு தரப்பும் அறிந்ததே.

அதன் பின் நடந்தது அரசியல். 2025 அக்டோபர் 23-ல் கேரளம் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கூட்டணியிலுள்ள இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எதிர்ப்பால் ஒரு வாரத்துக்குள் அதன் செயலாக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பரில் சமக்ர சிக்ஷா நிதியில் சுமார் 92 கோடி ரூபாய் மட்டும் விடுவிக்கப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்பது மாநிலங்களின் உரிமை சார்ந்த பெரிய கேள்வி. அதில் தமிழகத்தின் நிலைப்பாட்டுக்கு வலுவான காரணங்கள் உண்டு. எனினும், சட்டப்படி உரிமையுள்ள ஒரு குழந்தையின் பயிற்றுநர் ஊதியத்தை இந்தப் பேரத்தின் பணயமாக வைத்தது மத்திய அரசு. மாநிலங்களும் கணினிக்கும் திரைக்கும் நிதி தேடிக்கொண்ட அக்கறையுடன் இப்பணியிடங்களை நிரந்தரமாக்க முன்வரவில்லை. கருவி வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம். பயிற்றுநரை நியமித்தால் ஊதியமும் ஓய்வூதியமும் தொடரும் என்ற கணக்கு இதில் இருக்கக்கூடும்.

நீதிமன்றம் இன்னொரு வாசலையும் திறந்துவைத்தது. அணுகுவசதி பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1) பிரிவு வெறும் பரிந்துரையாகவே உள்ளது, சட்டம் கேட்பது கட்டாயத்தை என்று கூறி, 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கவும் உத்தரவிட்டது. அரசின் மின்பாடங்களையும் பாடநூல் கோப்புகளையும் இத்தகைய கட்டாயத்துக்குள் கொண்டுவர இது வாய்ப்பளிக்கிறது. இத்தனை கணினிகள் வழங்கப்பட்டன, இத்தனை மணிநேர ஒளிபரப்பு நடந்தது என்ற எழுத்துமூலப் பதில்கள் அவையில் தாக்கலாவது வழக்கம். படவிவரணையும் யூனிகோட் எழுத்தும் இல்லாத பாடநூல் கோப்புகள் எத்தனை, அவற்றைத் திருத்தப் பணியமர்த்தப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுக்குக் கடைசியாக ஊதியம் வழங்கப்பட்ட மாதம் எது என்று தென்மாநில உறுப்பினர் ஒருவர் கேட்டால், அமைச்சகம் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியிருக்கும்.