பாடும் எதிர்நோக்கும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் அமைந்திருக்கிறது சுண்ணாம்புக்குளம். ஏரியில் அள்ளிய சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய தொழிலை நினைவூட்டும் பெயர் அது. அண்மையில் அக்கரையோரக் குப்பங்களில் நடந்தபோது, சிற்றாலயம் ஒன்றின் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், ''இன்றைக்குப் பாடு எப்படி அம்மா?'' என்று கேட்டேன். ''பாடு இல்லாத நாளும் பாடுதானே, தம்பி'' என்றார் அவர்.

'பாடு' என்ற ஒரு சொல்லுக்குள் அக்கரையின் வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது. மீனவருக்கு அது வலையில் விழும் மீன். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிரும் பழைய ஏற்பாட்டுக்கும் பாடு என்றே பெயர். உழைப்பையும் துன்பத்தையும் குறிப்பதும் அதே சொல்தான். கிறிஸ்தவர்களோ இயேசு சிலுவையில் அடைந்த வேதனையைத் 'திருப்பாடுகள்' என்கிறார்கள்.

அந்தக் கரையோர மக்களின் பாடுகளுக்குக் குறைவில்லை. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போதெல்லாம் நீரோட்டம் நின்று, இறாலும் மீனும் உள்ளே வருவது குறைகிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் திறனை ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாகவும், பரப்பை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகவும் உயர்த்தும் திட்டம், கரை அரிப்பை மோசமாக்கும் என மீனவர்கள் அஞ்சுகிறார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அதே 2023 டிசம்பரில், மிக்ஜம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலைகளிலும் படகுகளிலும் கரிய பிசுக்கு ஒட்டியிருக்க, அங்குள்ள மீனவக் குப்பங்கள் கிறிஸ்துமஸை எதிர்கொண்டன.

டிசம்பர் மாதம் தமிழகக் கடற்கரைக்கு இருளை நினைவூட்டும் மாதம். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைப் பறித்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களுள் அடங்குவர். 2011-இல் கிறிஸ்துமஸ் நாளிலேயே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, உல்லாசப் பயணம் வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்பர் பிறந்ததைக் கொண்டாடும் நாளிலேயே மரணம் வந்தால், அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்தக் கேள்வியை இறைநிந்தனை என்று ஒதுக்குவது எளிது; ஆனால், நேர்மையாகாது. விவிலியத்தின் திருப்பாடல்களிலேயே, 'ஏன் கைவிட்டீர்' என்று இறைவனிடம் முறையிடும் குரல் பலமுறை ஒலிக்கிறது. முறையீடும் நம்பிக்கையின் ஒரு வடிவமே.

கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, விசுவாசத்தை 'நம்பிக்கை' என்றும், வருங்காலத்தின் மீதுள்ள பற்றுறுதியை 'எதிர்நோக்கு' என்றும் பிரித்துக் காட்டியது. எதிரே இருப்பதை, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நோக்குவதே எதிர்நோக்கு. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் மொழியிலிருந்து இது வேறுபட்டது. 2025-ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக அறிவித்த போப் பிரான்சிஸ், அவ்வாண்டு ஏப்ரல் 21-இல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் மறைந்தார். இரண்டாம் உலகப் போரில் சிறைக்கைதியாக இருந்தபோது கிறிஸ்தவ நம்பிக்கையைக் கண்டடைந்த ஜெர்மானிய இறையியலாளர் யுர்கன் மோல்ட்மன், எதிர்நோக்கு உள்ளவர் இருக்கும் நிலையை அப்படியே ஏற்று அமைதியடைய முடியாது என்று வாதிட்டார். மதம் மக்களை மயக்கும் அபின் என்ற விமர்சனத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில் இல்லை. துன்பத்தைச் சகித்துக்கொள்ள மட்டுமே கற்பிக்கும் பக்தி அந்த விமர்சனத்துக்கு உரியதுதான்.

இந்த அளவுகோல் பழவேற்காட்டுக்கும் பொருந்தும். பாடு முறை போற்றத்தக்க பகிர்வு ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் காக்கிறது. எனினும், அதன் உரிமை பெரும்பாலும் பட்டினவர் சமூகத்தாருக்கே உரியதாக இருந்துவந்தது. தலித் மீனவர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஏரி சுருங்கச் சுருங்க இந்தப் பிளவு பகையாக மாறும் ஆபத்து பெரிது. ஏரியைக் காக்க ஒன்றுசேர வேண்டியவர்கள் எஞ்சிய நீருக்காகத் தமக்குள் மோதிக்கொண்டால், இழப்பு அனைவருக்கும்தான்.

கலிலேயக் கடலில் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் கரை திரும்பிய சீடர்களின் கதையை மீனவர் எவரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்வர். விடியலில் வலை நிறைந்த அற்புதத்தையே நாம் அதிகம் பேசுகிறோம். அந்தக் கதை அங்கு முடிவதில்லை. கரையில் தீ மூட்டி, அப்பமும் மீனும் வைத்து, களைத்து வந்தவர்களை உண்ண அழைக்கிறார் உயிர்த்த இயேசு. பகிரப்பட்ட அந்தக் காலை உணவில்தான் கதை நிறைவடைகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே, பழவேற்காட்டின் ஆலயங்கள் ஆறுதல் அளிப்பதோடு நின்றுவிடக் கூடாது. பட்டினவரும் தலித்துகளும் இருளரும் இஸ்லாமியரும் ஒரே பாயில் அமர்ந்து ஏரியின் எதிர்காலத்தைப் பேச அவை இடம்தர வேண்டும். முகத்துவாரத்தைத் திறந்துவைப்பதும், மக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே கரையைத் தொடுவதும் அரசின் கடமைகள். அவற்றைப் பிரார்த்தனையின் தலையில் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

விடைபெறும்போது அந்த மூதாட்டியிடம், இவ்வளவுக்குப் பிறகும் பேரனை ஏரிக்கு அனுப்புகிறீர்களே என்றேன். ''சாமி பார்த்துக்கும். ஆனா, வலையை நாமதானே தைக்கணும், தம்பி'' என்றார். அவர் மடியில் பாதி தைத்த வலை கிடந்தது.