பெரிய காமிராவுக்கு லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

பிலிம் போட்டுப் படம் எடுக்கும் பெரிய காமிராக்கள் மேல் இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம்தான். அச்சகத்தில் பிராசஸ் காமிராவோடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் சில பேர் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், எந்த லென்ஸ் ரொம்ப ஷார்ப்?" அடுத்தது, "எஃப் எண் எவ்வளவு சின்னதாகக் கிடைக்கும்?" என் அபிப்பிராயத்தில் இரண்டுமே பின்னால் வர வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த லென்ஸ் எவ்வளவு பெரிய வட்டம் போடும்?

லென்ஸ் போடுவது சதுரமான படம் அல்ல, வட்டமான படம். அந்த வட்டத்துக்குள் நம் பிலிம் அடங்கியாக வேண்டும். சின்ன காமிராவில் இந்தக் கவலை நமக்கில்லை. கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுப் பொருத்திக் கொடுத்துவிடுகிறான். பெரிய காமிரா என்பது இரண்டு பலகை, நடுவில் ஒரு பெல்லோஸ். எந்த லென்ஸையும் அதில் மாட்டலாம். மாட்டலாம் என்பதாலேயே படம் முழுசாக விழும் என்று அர்த்தமில்லை. 4×5 அங்குலத் தாளில் படம் விழும் பகுதி சுமார் 96×120 மி.மீ. அதன் மூலைவிட்டம் 154 மி.மீ. அதைவிடச் சின்ன வட்டம் போடும் லென்ஸ், மூலைகளைக் கறுப்பாக்கிவிடும். சரியாக 154 போடும் லென்ஸ் மூலைகளை நிரப்பும், ஆனால் முன் பலகையை ஒரு அங்குலம் மேலே தூக்கினால் காலை வாரிவிடும். முன் பலகையைத் தூக்க முடியாத பெரிய காமிராவை எதற்குச் சுமக்க வேண்டும் என்பது என் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு பையன், பாதிச் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு பழைய 4×5 வாங்கியிருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நிமிர்ந்த கோடு சாயாமல் எடுக்க வேண்டுமென்பது அவன் ஆசை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். விமானத்தின் உயரம் 216 அடி, சுமார் 66 மீட்டர். 100 மீட்டர் தள்ளி நின்று, காமிராவை மட்டமாக வைத்து, 150 மி.மீ. லென்ஸ் போட்டால், கண்மட்டத்துக்கு மேலே விமானம் பிலிமில் 99 மி.மீ. உயரம் விழும். தாளை நெட்டுக்குத்தாக வைத்தால் நடுக்கோட்டுக்கு மேல் இருப்பதோ 60 மி.மீ. கலசத்துக்கு மேல் கொஞ்சம் வானமும் வேண்டும் என்றால் லென்ஸை 44 மி.மீ. தூக்கியாக வேண்டும். ஷ்னைடர் சிம்மர்-எஸ் 150 லென்ஸுக்கு எஃப் 22-ல் 210 மி.மீ. வட்டம். அதில் 33 மி.மீ.க்கு மேல் தூக்க இடமில்லை. கலசம் போச்சு. ஆனால் 130 மீட்டருக்குப் பின்வாங்கினால் 21 மி.மீ. தூக்கினால் போதும், தாராளமாக அடங்கும். பின்னால் போக இடமில்லாத கோயில்களும் உண்டு. அங்கே 90 மி.மீ. வேண்டும். கால் எங்கே நிற்கும் என்று பார்த்துத்தான் லென்ஸ் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் பெரியவர்களும் மாட்டியிருக்கிறார்கள். பாரிஸ் நகரத் தெருக்களை 18×24 செ.மீ. கண்ணாடித் தகட்டில் எடுத்த யூஜின் அட்ஜேயின் படங்களைப் பாருங்கள். பலவற்றில் மேல் மூலைகள் இரண்டும் வளைவாகக் கறுத்திருக்கும். கட்டடத்தின் உச்சி வர வேண்டுமென்று லென்ஸை அதன் வட்டத்துக்கு மேல் தூக்கியதன் அடையாளம் அது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நாம் அட்ஜே இல்லை.

சரி, ஷார்ப்புக்கு வருவோம். 35 மி.மீ. பிலிமின் அகலம் 24 மி.மீ. அதிலிருந்து 16×20 அங்குலப் பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட 17 மடங்கு பெருக்க வேண்டும். 4×5-லிருந்து 4 மடங்கு. பெருக்கல் இவ்வளவு குறையும்போது, 1902-ல் வந்த டெஸ்ஸார் வகை லென்ஸே நன்றாக வேலை செய்கிறது. எஃப் எண்ணும் அப்படித்தான். பெரிய காமிராவில் பெரும்பாலும் எஃப் 22-ல்தான் எடுக்கப் போகிறீர்கள். எஃப் 5.6 என்பது கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்க்கும் வரைக்கும்தான். அதற்காக இன்னும் வெளிச்சமான லென்ஸ் வாங்கினால், அதன் எடைக்கு முன் பலகை தலை குனியும்.

முதல் லென்ஸ் 150 வாங்குங்கள், அல்லது 210. 90-ஐ முதலில் வாங்காதீர்கள். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 90-ல் கிரவுண்ட் கிளாஸின் மூலைகள் இருட்டாகத் தெரியும், புதிதாகப் பழகுகிறவருக்கு ஃபோகஸே பிடிபடாது. காலடி மண் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு தாள் பிலிம் விற்கிற விலையில், இந்தப் பாடத்தைப் பத்துத் தாள் செலவழித்துப் படிக்க வேண்டாம். 210-க்கு ஒரு நிபந்தனை உண்டு. தூரத்துப் பொருளுக்கே பெல்லோஸ் 210 மி.மீ. நீள வேண்டும். ஒரு பூவை அதன் நிஜ அளவிலேயே எடுக்க வேண்டுமானால் அதுபோல் இரண்டு மடங்கு. உங்கள் பெட்டி அவ்வளவு நீளுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

ஒரே லென்ஸை வைத்து என்ன செய்வது என்பவர்களுக்கு ஆன்சல் ஆடம்ஸைக் காட்டுவேன். 1941-ல் நியூ மெக்ஸிகோவில் அவர் எடுத்த 'மூன்ரைஸ்' படம் 8×10 காமிராவில், குக் கம்பெனியின் கழற்றி மாட்டும் லென்ஸில் எடுத்தது. முன் பாதி, பின் பாதி, இரண்டும் சேர்த்து என்று ஒரே லென்ஸிலிருந்து மூன்று குவியத் தூரம் கிடைக்கும். அன்றைக்கு அவர் போட்டது 23 அங்குலப் பாதியை.

பணம் இல்லாதவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு வழி. ஆஃப்செட் அச்சகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பிராசஸ் காமிராக்களைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அவற்றின் லென்ஸ்கள், அப்போ-ரோனார், அப்போ-நிக்கார் போன்றவை, எஃப் 9 அளவில், கோடு துளியும் வளையாதவை. அப்போ-ரோனாரின் கோணம் 48 டிகிரிதான், அதனால் 240 அல்லது 300 மி.மீ. பார்த்து வாங்கினால் 4×5-க்கு வட்டம் போதும். பல லென்ஸ்களில் ஷட்டர் இருக்காது. சாயங்கால வெளிச்சத்தில் எஃப் 45 வைத்து, மூடியைக் கழற்றி மனசுக்குள் எண்ணி மூட வேண்டியதுதான். மத்தியான வெயிலில் இது நடக்காது.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து கண்ணாடியை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஷ்னைடர் லென்ஸ்களில் ஓரத்தில் கறுப்புச் சாயம் உதிர்ந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அது படத்தைக் கெடுக்காது, விலையைக் குறைக்கப் பேச உதவும். ஒரு செகண்ட் ஷட்டர் இழுத்துப் பிடிக்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஷட்டரைச் சுத்தம் செய்துகொள்ளலாம். வட்டத்தைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. கிரவுண்ட் கிளாஸின் நான்கு மூலைகளையும் வெட்டி வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை வழியாக லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுசாகத் தெரிந்தால் அந்த மூலை பிழைத்தது. பூனைக் கண் மாதிரி நசுங்கித் தெரிந்தால் இன்னும் துவாரத்தைச் சுருக்க வேண்டும், அல்லது லென்ஸை இறக்க வேண்டும்.

இனி பனோரமா. இதில் இரண்டு ஜாதி உண்டு. வைடுலக்ஸ் போன்றவற்றில் லென்ஸே திரும்பும். ஒரு கீற்று வழியாகப் பிலிமில் ஒளி விழுவதால் லென்ஸின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்கிறது. சாதாரண 26 மி.மீ. லென்ஸே 140 டிகிரியைப் பிடித்துவிடும், ஓரம் இருளாது. ஆனால் கண்மட்டத்துக்கு மேலும் கீழும் உள்ள படுக்கைக் கோடுகள் வில்லாக வளையும். காமிராவே சுழலும் சர்க்கட் காமிராவிலும் இதே குணம்தான். அதனால்தான் பெரிய குரூப் போட்டோவுக்கு ஆட்களை வளைவாக நிறுத்தினார்கள். (ஒரு கோடியில் நின்ற பையன் பின்பக்கமாக ஓடிப்போய் மறு கோடியிலும் நிற்பதும் இந்தக் காமிராவில்தான்.)

லின்ஹோஃப், ஃபூஜி 6×17 காமிராக்களில் லென்ஸ் அசையாது, கோடு வளையாது. அதற்கு விலையாக 177 மி.மீ. மூலைவிட்டத்தை ஒரே லென்ஸ் மூட வேண்டும். 90 மி.மீ. போட்டால் மூலைக்குப் போகும் ஒளி ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து போகிறது. வெறும் கணக்குப்படி அங்கே நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் விழும். லென்ஸ் செய்தவர்கள் அதைக் கொஞ்சம் சமாளித்திருக்கிறார்கள், மிச்சத்துக்கு நடுவில் கறுத்த ஃபில்டர் போட வேண்டும். அந்த ஃபில்டருக்குத் தனி விலை.

ஆகவே பனோரமாவிலும் என் கட்சி நீளமான லென்ஸ் பக்கம்தான். 6×17-ல் 90 மி.மீ. 86 டிகிரி பார்க்கிறது, 180 மி.மீ. 50 டிகிரி. எனக்கு 180 பிடிக்கும். எக்ஸ்பான் காமிராவில் 30 மி.மீ.யைத் தேடி அலைகிறார்கள். அதோடு வரும் 45 மி.மீ.யே 72 டிகிரி அகலம் தருகிறது, போதாதா? அகலமாகப் பார்ப்பது வேறு, அகலத்தில் படத்தை நிரப்புவது வேறு. ஜோசப் சுடேக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு ஒரு பழைய கோடக் பனோரமா காமிராவைத் தூக்கிக்கொண்டு பிராக் நகரம் பூராவும் அலைந்தார். 1959-ல் வந்த அந்தப் புத்தகத்தில் எந்தக் கோடியும் சும்மா கிடக்காது.

அகல லென்ஸே இல்லாமல் பனோரமா எடுத்தவரும் உண்டு, அதுவும் தஞ்சாவூரில். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. எந்த லென்ஸாலும் ஒரே தாளில் அந்த எழுத்துகளைப் படிக்கும்படி கொண்டுவந்திருக்க முடியாது.

எங்கள் தெருப் பையனுக்கு இப்போது பனோரமா காமிரா மேலும் கண். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 4×5 ஹோல்டரின் டார்க் ஸ்லைடு உபரியாக ஒன்று இருந்தால் நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். அதைச் செருகி எடுத்தால் ஒரே தாளில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு நீளப் படங்கள் கிடைக்கும். லென்ஸைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் சரிக்கட்டிக்கொள்ளலாம், வட்டத்தில் இடமிருந்தால். ஆறு மாதம் இப்படி எடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் 6×17 வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். வெட்டும்போது பாதிக்கு ஒரு மி.மீ. கூடுதலாகவே விடுங்கள், இல்லையென்றால் இரண்டு படமும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழும்.