முறிந்த கால்களின் கணக்கு எங்கே?

கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் ரத்து செய்த தமிழக அரசு, சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை அப்போது எல்லோரும் பேசியது நிலத்தைப் பற்றித்தான். ரூ.730 கோடி வாடகைப் பாக்கி நியாயமா, பூங்கா வருமா, மழைநீர் தேங்கக் குளம் வெட்டலாமா? குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பேச்சு பணத்தைப் பற்றியது. அதற்கும் முன்னால், பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் கொண்டுவந்தபோது, சம்பளத்தை ரேஸில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவர்களின் குடும்பங்களைப் பற்றிக் கவலைப்பட்டோம். எல்லாமே நியாயமான கவலைகள். ஆனால், ஐம்பது ஆண்டு கால விவாதத்தில் ஓடுகிற பிராணியின் உடம்பு ஒருமுறைகூட மையமாக இருந்ததில்லை.

குதிரை நம் பேச்சில் அடிபட்டது ஜல்லிக்கட்டு விவகாரத்தில். அதுவும் காளைக்குத் துணையாக. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், ‘குதிரைப் பந்தயம் மட்டும் நடக்கலாமா?’ என்று கேட்டோம். சரியான கேள்விதான். காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் மத்திய அரசு 2011இல் காளையைச் சேர்த்தது. குதிரை அந்தப் பட்டியலில் இல்லை. பசி, அசௌகரியம், வலி, அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்திய ஐந்தையும் லாயத்துக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. 2017இல் சட்டத் திருத்தம் வந்தது, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. காளைக்கு வழி பிறந்ததும் குதிரையைப் பற்றிய கேள்வியை மறந்துபோனோம்.

ஆகவே, விட்ட இடத்திலிருந்து, ஒரு கால்நடை மருத்துவரின் பார்வையில் தொடங்குகிறேன்.

ரேஸ் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் மட்டுமே தரையில் ஊன்றி நிற்கும். உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒரு காலில் இறங்கும். முழங்காலுக்குக் கீழே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளத் தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் கணு மூட்டுதான் பெரும்பாலும் முறிகிற இடம்.

பார்ப்பவர்களுக்கு அது திடீர் விபத்து. ‘கால் இடறிவிட்டது’, ‘நேரம் சரியில்லை’ என்பார்கள். உண்மையில் அந்த முறிவு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். வேகப் பயிற்சியில் எலும்புக்குள் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. ஓய்வு கிடைத்தால் உடல் சேதமான பகுதியை அரித்து நீக்கிவிட்டு, புதிய எலும்பை வைத்து நிரப்புகிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்புவதற்கு மாதங்கள் ஆகும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கும். குதிரையோ வெளியில் பளபளவென்று, கொள்ளும் ஓட்ஸும் தின்று, துள்ளிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் அதைப் பந்தயத்தில் விட்டால் வருவதற்குப் பெயர் விதி அல்ல.

இதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே சாந்தா அனிதா மைதானத்தில், 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூன் வரை நீடித்த பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. அந்த ஆண்டு மழை அதிகம் என்பதால் முதலில் மண்ணைக் குற்றம் சொன்னார்கள். ஓடுதளத்தைத் தோண்டிச் சோதித்தார்கள். கலிபோர்னியா குதிரைப் பந்தய வாரியம் அவற்றில் 23 இறப்புகளைத் தனித்தனியாக ஆராய்ந்து 2020இல் அறிக்கை வெளியிட்டது. எலும்பும் மூட்டும் சேதமாகி இறந்தவை 22. அவற்றில் 21 குதிரைகளுக்கு, சேதமான அதே இடத்தில் பழைய பாதிப்பு இருந்தது. தடைசெய்யப்பட்ட மருந்து எதுவும் தரப்படவில்லை. அப்படியும் குதிரைகள் செத்திருக்கின்றன.

இவ்வளவும் தெரிய வந்ததற்குக் காரணம், அங்கே 1990 முதல் பந்தய மைதானத்தில் இறக்கும் குதிரைகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்துவருவதுதான். பிறகு நாடு தழுவிய சட்டம் 2020இல் வந்தது. மூட்டுக்குள் ஊசி போட்டால் 14 நாட்களுக்குப் பந்தயத்தில் ஓடக் கூடாது என்பது போன்ற விதிகள் 2023இல் அமலாயின. 1,000 ஓட்டங்களுக்கு எத்தனை குதிரைகள் இறக்கின்றன என்ற அளவீடு, கணக்கெடுப்பு தொடங்கிய 2009இல் 2 ஆக இருந்தது. அந்தச் சட்டம் உருவாக்கிய ஆணையத்தின் கீழ் வரும் மைதானங்களில் 2024இல் அது 0.90. பூஜ்யம் அல்ல. ஆனால் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது என்றால், மற்ற பாதியைத் தவிர்த்திருக்க முடியும் என்றுதானே பொருள்?

கால் உடைந்தால் கட்டுப் போட்டுக் காப்பாற்றக் கூடாதா, ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பணத்துக்குக் குறைவில்லை, சிறந்த மருத்துவமனை, சிறந்த அறுவை மருத்துவர்கள். எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். ஒரு கால் பழுதானால் மற்றக் கால்கள் கூடுதல் பாரம் சுமக்கும். அந்தக் குளம்புகளுக்குள் அழற்சி ஏற்பட்டு, குளம்பு உள்ளெலும்பிலிருந்து பிரியத் தொடங்கும். குதிரையைப் படுக்கையில் போட்டு வைத்தியம் பார்க்க முடியாது. எனவே வைத்தியம் பந்தயத்துக்கு முன்னால் நடந்தாக வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் மருத்துவர் என்ன செய்வார்? முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவி, சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். கணு மூட்டை மடக்கிப் பிடித்து விடுவார். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கடிவாளக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து குதிரையைத் துரித நடையில் ஓட்டிக் காட்டுவார். முன்னங்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். அந்தத் தலையசைப்பு ஒரு விரற்கடைதான் இருக்கும், பழகிய கண்ணுக்கு மட்டுமே பிடிபடும். வலி மாத்திரை கொடுத்திருந்தாலோ மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டிருந்தாலோ அதுவும் இருக்காது. நன்றாக நடப்பதால் குதிரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையும் கண்ணும் தோற்கும் இந்த இடத்தில்தான் கருவி தேவைப்படுகிறது.

ஆஸ்திரேலியா அதைச் செய்து காட்டியது. 2013இல் வெரேமா தொடங்கி 2020இல் ஆன்டனி வான் டைக் வரை, மெல்போர்ன் கோப்பையில் ஓடிய ஆறு குதிரைகள் செத்தன. ‘நாட்டையே நிறுத்தும் பந்தயம்’ என்று அவர்கள் கொண்டாடும் நாளில், பச்சைத் திரைக்குப் பின்னால் குதிரையைக் கொல்வது வழக்கமாகிப்போனது. 2021 முதல் விதிகளை இறுக்கினார்கள். ஓடப்போகும் குதிரைகளின் கால்களுக்கு சி.டி. ஸ்கேன் கட்டாயம், அதுவும் குதிரை நின்றபடியே எடுப்பது. அந்த ஆண்டு முதல் 2024 வரை நடந்த நான்கு கோப்பைப் பந்தயங்களில் ஒரு குதிரைகூடச் சாகவில்லை.

இதிலும் சர்ச்சை உண்டு. 2024இல் வெல்லும் வாய்ப்புள்ளதாகப் பேசப்பட்ட அயர்லாந்துக் குதிரை யான் புரூகலை, ஸ்கேன் முடிவைக் காட்டி மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். பயிற்சியாளர் எய்டன் ஓ’பிரையன் கொதித்துப்போனார். அடுத்த ஆண்டு அதே குதிரை இங்கிலாந்தின் எப்சமில் கொரோனேஷன் கோப்பையை வென்றது. ‘பார்த்தீர்களா, ஸ்கேன் பொய் சொன்னது’ என்று சிலர் கைதட்டினார்கள். என்னைக் கேட்டால், யான் புரூகல் இன்னொரு கோப்பையை வெல்ல உயிரோடு இருந்ததே அந்த முடிவுக்குச் சாதகமான வாதம். மருத்துவர் வீணாகப் பயந்தால் உரிமையாளருக்கு ஒரு பந்தயம் போகும். பயப்படாமல் விட்டால் குதிரை போகும். எந்தப் பக்கம் தவறு செய்வது என்பதில் மருத்துவருக்குக் குழப்பம் வரக் கூடாது.

பொதுவெளியில் அதிகம் பேசப்படுவது சாட்டை. கண்ணில் படுவது அதுதானே. நார்வே 1982லேயே சாட்டையடியைத் தடைசெய்தது. பிரிட்டனில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் ஆறு அடி, தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு அடி என்று வரம்பு. அதற்கு மேல் நான்கு அடி கூடினால் வெற்றியே ரத்தாகும். அடியை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கடைசி 400 மீட்டரை அளந்து பார்த்தார்கள்; களைத்த குதிரையை அடிப்பதற்கும் அதன் வேகத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. பிரிட்டனில் சாட்டை வீசாத பந்தயங்களையும் வீசும் பந்தயங்களையும் ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்விலும் நேரத்தில் வித்தியாசம் இல்லை. குதிரைத் தோல் தடிமன், வலிக்காது என்ற வாதமும் நிற்கவில்லை. வலியை உணரும் நரம்புகள் இருக்கும் மேல்தோல், நம்முடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தடித்ததல்ல என்று நுண்ணோக்கி சொல்கிறது. பலன் இல்லாத அடிக்கு வரம்பு எதற்கு, எடுத்துவிட்டுப் போகலாமே.

ஒலிம்பிக் குதிரையேற்றத்தின் கதை வேறு. அங்கே கொடுமை நடப்பது பெரும்பாலும் பார்வையாளர் இல்லாத பயிற்சிக் கூடத்தில். டோக்கியோவில் நவீன பென்டத்லான் போட்டியில் ஓட மறுத்த செயின்ட் பாய் என்ற குதிரையை ஜெர்மானியப் பயிற்சியாளர் கையால் குத்தியதை உலகமே பார்த்தது. அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டு, பாரிஸ் 2024 கடைசியாகிவிட்டது. பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் மாணவியின் குதிரையை நீண்ட சாட்டையால் விளாசியதோ பழைய காணொளி ஒன்று வெளியானதால்தான் தெரிந்தது. ஓராண்டுத் தடை கிடைத்தது.

லாயத்துக்கு வருவோம். பொட்டு ரத்தம் சிந்தாத துன்பம் அங்கே இருக்கிறது. இயல்பாக விட்டால் குதிரை நாளில் 16 மணி நேரம் வரை மேயும், கூட்டமாக வாழும். ரேஸ் குதிரை இருபத்திரண்டு மணி நேரம் நான்கு சுவர்களுக்குள் தனியாக நிற்கிறது. அதன் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். மென்றுகொண்டே இருந்தால்தான் உமிழ்நீர் அதைத் தணிக்கும். வேளைக்கு வேளை தானியம் வைத்தால் புண் வரும். பயிற்சியில் உள்ள குதிரைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இரைப்பைப் புண் கண்ட ஆய்வுகள் உண்டு. லாயக் கதவின் விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தை இறுக்கி, ‘உக்’ என்று காற்றை உள்ளே இழுக்கும் குதிரையைக் கெட்ட பழக்கம் பிடித்தது என்று கழுத்தில் பட்டை கட்டுகிறார்கள். புல்லும் துணையும் கொடுத்துப் பார்க்கலாம். தன் குதிரையை சைஸ் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் லாயத்தின் அமைப்பை அவர் தீர்மானிப்பதில்லை.

யார் தீர்மானிக்கிறார்கள், யாருக்கு லாபம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே சகோதர அரசர்கள் ஐவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகள் வீதம் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரை வைத்தியர் யாரும் இங்கே வந்துவிடாமல் அரபு வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும். பயணியின் கதையில் மிகை இருக்கலாம். இறப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்காத இடத்தில் இறப்பே வியாபாரமாகிவிடும் என்பதில் மிகை இல்லை.

பந்தயத்தை ஒரேயடியாகத் தடைசெய்யச் சொல்லும் விலங்கு நல ஆர்வலர்களோடு நான் இப்போதைக்கு உடன்படவில்லை. தடை வந்த மறுநாள் ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு யார் தீனி போடுவது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. அதற்காக இன்றைய நிலையும் நீடிக்க முடியாது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. முதல் முறை குற்றம் செய்பவருக்கு அதில் உள்ள அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். ரேஸ் புத்தகத்தில் குதிரையின் தாய் தந்தை, சுமக்கும் எடை, முந்தைய ஓட்டங்கள் எல்லாம் அச்சாகிறது. முறிந்த கால்களின் எண்ணிக்கைக்கு அதில் ஒரு வரி இல்லை.

உரிமம் வழங்கும் மாநில அரசுகள் ஒரு நிபந்தனை போட்டால் போதும். மைதானத்திலும் பயிற்சியிலும் இறக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். அதன் முடிவும் 1,000 ஓட்டங்களுக்கான இறப்பு விகிதமும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வர வேண்டும். குட்டி பிறந்ததும் வம்சாவளிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்களே, அந்தப் பதிவு பந்தயத்திலிருந்து விலகிய பிறகும், சாகும் வரை தொடர வேண்டும். சவாரிப் பள்ளிக்குப் போனதா, கல்யாண ஊர்வல வண்டிக்குப் போனதா என்பது தெரிய வேண்டும். ஸ்கேன் கருவிக்குப் பணம் இல்லை என்று பந்தய மன்றங்கள் சொல்லலாம். கோப்பைப் பரிசுத் தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கைத் தர மறுக்கும் மன்றத்துக்கு அடுத்த பருவத்துக்கான உரிமத்தை அரசு வழங்கக் கூடாது.

- கட்டுரையாளர், கால்நடை மருத்துவர்.